பூனைக்குட்டிக்கும் மதிப்பெண் உண்டு

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்

மதிப்பெண் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கு வயிற்றைக் கலக்கும். பருவத் தேர்வு, அகமதிப்பீடு, செய்முறைத் தேர்வு என்று மதிப்பெண்ணோடு மல்லுக்கட்டியே நம் இளமை கழிகின்றது. ஆனால் பிறந்து ஒரே நிமிடம் ஆன ஓர் உயிரும் தேர்வுக்கு உட்பட்டு மதிப்பெண் பெறுகிறது என்றால் நம்புவீர்களா? சென்ற ஆனி மாதம் வரை நானும் நம்பியிருக்கமாட்டேன்.

அந்த மாதம்தான் என் அக்காவுக்கு ஓர் அரசு மருத்துவமனையில் ஆண் குழந்தை பிறந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் பிறந்த நேரம், எடை இவற்றோடு "ஆப்கர் 8/10, 9/10" என்று ஒரு வரி எழுதியிருந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே ரேஷன் கடைச் சீட்டு முதல் மின்கட்டண அட்டை வரை, எழுத்து உள்ள தாள் எதுவானாலும் என் கைக்கு வந்துவிடும். "இன்னா கண்ணு போட்டுக்கீது? புள்ளைக்கு ஒண்ணுமில்லியே?" என்று ஆயா கேட்டார். எனக்கும் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்ததால், "நல்லாத்தான் போட்டிருக்கு" என்று சொல்லி வைத்தேன். மறுநாள் நம் கல்லூரி நூலகத்தில் தேடினேன்.

தேடியதில் அக்கா குழந்தையின் மதிப்பெண் விளங்கிற்று. அதோடு, ஆறு மாதங்களுக்கு முன் மார்கழிக் குளிரில் என் கையிலேயே இறந்துபோன ஒரு பூனைக்குட்டி ஏன் இறந்தது என்பதும் விளங்கிற்று. அந்த இரண்டாவதைச் சொல்லவே இக்கட்டுரை.

ஐந்து குறிகள்

அமெரிக்க நாட்டின் நியூயார்க் நகரில் வர்ஜீனியா ஆப்கர் என்ற பெண் மருத்துவர் இருந்தார். அவர் குழந்தை மருத்துவர் அல்லர். மயக்க மருந்து கொடுப்பதில் வல்லுநர். பேறுகால அறையில் எல்லோருடைய கண்ணும் தாயின் மீதே இருக்க, பிறந்த சிசுவை உற்றுப் பார்ப்பார் குறைவாக இருந்ததை அவர் கண்டார். நீலம் பாரித்துப் பிறக்கும் குழந்தையைப் பிழைக்காது என்று ஒதுக்கிவிடுவதும் உண்டாம். 1952இல் அவர் ஓர் எளிய முறையை மருத்துவர் கூட்டத்தில் எடுத்துரைத்தார். 1953இல் அது அச்சில் வந்தது. இதயத் துடிப்பு, மூச்சு, தசையின் முறுக்கு, தூண்டினால் எதிர்வினை, தோலின் நிறம் ஆகிய ஐந்தையும் பார்க்க வேண்டியது. ஒவ்வொன்றுக்கும் சுழியம், ஒன்று, இரண்டு என ஏதாவது ஒரு மதிப்பெண் இட வேண்டியது. கூட்டினால் பத்துக்கு இத்தனை என்று வரும். ஏழும் அதற்கு மேலும் வந்தால் கவலையில்லை. பின்னாளில் மாணவர்கள் மனப்பாடம் செய்ய ஏதுவாக, அவர் பெயரின் ஐந்து ஆங்கில எழுத்துகளுக்கும் ஐந்து குறிகளைப் பொருத்திவிட்டார்கள்.

பிறந்த முதல் நிமிடத்தில் ஒரு முறையும், ஐந்தாம் நிமிடத்தில் மறு முறையும் மதிப்பெண் இடுவார்கள். அக்காவின் தாளில் இரண்டு எண்கள் இருந்ததன் காரணம் இதுதான். முதல் எண் குழந்தை எந்த நிலையில் வந்தது என்பதைக் காட்டும். இரண்டாம் எண், துடைத்துச் சூடேற்றி உதவியபின் அது எப்படித் தேறியது என்பதைக் காட்டும். குழந்தை பின்னாளில் அறிவாளியாகுமா என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. இதை ஆயாவிடம் சொன்னபோது, "அப்ப ரெண்டாவது நெம்பரு பெருசாக்கீதே, தேறிட்டான்" என்றார். எழுத்தறியாத ஆயா ஒரே வரியில் புரிந்துகொண்டதை நான் இரண்டு பக்கம் குறிப்பெடுத்திருந்தேன்.

மனிதக் குழந்தைக்கு உள்ள இந்த முறை விலங்குக்கு ஆகுமா? ஆகும் என்று காட்டியிருக்கிறார்கள். 2009இல் இத்தாலி நாட்டுக் கால்நடை மருத்துவ ஆய்வாளர்கள் நாய்க்குட்டிகளுக்கு ஏற்ப இதை மாற்றியமைத்து வெளியிட்டனர். குறிகள் அதே ஐந்து, அளவுகள்தாம் வேறு. மனிதச் சிசுவின் இதயம் நிமிடத்துக்கு 100 தடவைக்கு மேல் துடித்தால் முழு மதிப்பெண். நாய்க்குட்டிக்கு 220ஐத் தாண்ட வேண்டும். 180க்குக் கீழே போனால் சுழியம். மூச்சு நிமிடத்துக்கு 15க்கு மேல் இருந்து, குட்டியும் தெளிவாகக் கத்தினால் இரண்டு. ஏழு முதல் பத்து வரை நலம், நான்கு முதல் ஆறு வரை தளர்ச்சி, மூன்றும் அதற்குக் கீழும் ஆபத்து. பூனைக்குட்டியும் உடலமைப்பிலும் அளவிலும் இதற்கு நெருங்கியதே. அதன் இதயமும் நிமிடத்துக்கு 200க்கு மேல்தான் துடிக்கும்.

இதயத் துடிப்பை எண்ணுவது எளிதன்று என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முன்கால்களுக்குப் பின்னே மார்பை இரு விரல்களால் மெல்லப் பற்றினால், தையல் இயந்திரம் ஓடுவதுபோல் ஓர் அதிர்வு தெரியுமே தவிர எண்ண வராது. ஆறு நொடிக்கு எண்ணிப் பத்தால் பெருக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விடை. ஸ்டெதஸ்கோப் இல்லாதவர்கள் மூச்சையும் நிறத்தையும் நம்புவதே மேல். மூச்சை, விலாவின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து எவரும் எண்ணலாம்.

ஆட்டுக்குட்டி அளவுகோல்

எங்கள் வீடு படப்பையில் ஏரிப் பக்கம் இருக்கிறது. ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்குப் போகும் வண்டிகள் வாலாஜாபாத் சாலையில் இரவும் பகலும் ஓடினாலும், எங்கள் தெருவில் இன்னும் நாலைந்து வீடுகளில் ஆடு உண்டு. ஆயா ஆடு வளர்த்தே என் அப்பாவை ஆளாக்கியவர். ஈன்ற ஆட்டுக்குட்டியைப் பார்த்தவுடனே, இது நிற்கும், இது நிற்காது என்று சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஏனெனில் ஆட்டுக்குட்டி ஐந்து மாதம் தாய் வயிற்றில் இருந்து, கண் திறந்து, உரோமம் வளர்ந்து, ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து நின்று பால் தேடும் நிலையில் பிறக்கிறது. எழாத குட்டி நலமற்ற குட்டி.

பூனையின் கதை வேறு. அதன் கருக்காலம் ஏறத்தாழ 63 முதல் 65 நாள்கள்தாம். பிறக்கும்போது குட்டிக்குக் கண் மூடியிருக்கும், காது மடிந்து அடைத்திருக்கும். கண் திறக்க ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் ஆகும். காலூன்றி நிற்பதும் அதற்குப் பிறகே. தானாகச் சிறுநீர்கூடக் கழிக்காது. தாய் நக்கித் தூண்டினால்தான் போகும், அதுவும் ஏறக்குறைய மூன்று வாரம் வரை. வண்டலூரில் 1985இல் திறந்த அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்குப் போனவர்கள் புலியைப் பார்த்து வியந்திருப்பார்கள். அந்தப் புலியும் பிறக்கையில் ஏறத்தாழ ஒரு கிலோ எடையோடு, கண் மூடிய குட்டியாகத்தான் பிறக்கிறது. இவை முற்றாத நிலையில் பிறக்கும் உயிர்கள். முற்றிப் பிறக்கும் ஆட்டுக்குட்டிக்கு உரிய அளவுகோலை இவற்றின்மேல் வைத்தால், பூனைக்குட்டி அத்தனையும் பிழைக்காதவை என்றே முடிவாகும்.

நம் முன்னோர் இளமைப் பெயர்களைக்கூடப் பிரித்து வைத்தவர்கள் ஆயிற்றே! தொல்காப்பிய மரபியல் உயிர்களின் இளமைக்கு ஒன்பது பெயர் கூறுகிறது. கீரியாகிய மூங்கா, காட்டுப் பூனையாகிய வெருகு, எலி, அணில் நான்குக்கும் குட்டி என்பது உரியது. பறழ் என்றாலும் குற்றமில்லை. இந்நான்கும் கண் மூடிப் பிறப்பவை என்பதை விலங்கியல் படிக்கும் எனக்குத் தமிழ் வகுப்பில்தான் எண்ணத் தோன்றிற்று. நூலாசிரியர் அதைக் கருதியே இவற்றைச் சேர்த்தாரா என்பதைத் தமிழ்த்துறைப் பேராசிரியர்கள்தாம் சொல்ல வேண்டும்.

மார்கழியில் நடந்தது

எங்கள் வீட்டைச் சுற்றித் திரியும் பெண் பூனை ஒன்று உண்டு. யாரும் வளர்க்கவில்லை, ஆனாலும் மீன் ஆயும் நேரத்துக்குச் சரியாக வந்துவிடும். நான் முதலாண்டு படித்தபோது, மார்கழியில், பின்கட்டு விறகுக் கொட்டகையில் மூன்று குட்டி போட்டிருந்தது. விடியற்காலையில் கோலம் போடப் போன நான், ஒரு குட்டி சாக்கை விட்டு விலகி வெறும் சிமெண்டுத் தரையில் கிடப்பதைக் கண்டேன். கையில் எடுத்தால் ஈரத்துணி போல் சில்லென்றிருந்தது. கத்தவில்லை. வாய் மட்டும் மெல்லத் திறந்து மூடிற்று.

ஆயா எட்டிப் பார்த்து, "சில்லுனு கீது கண்ணு, மொத மடியில வச்சிக்கோ. பாலு அப்பறம் ஆவட்டும்" என்றார். நானோ விலங்கியல் மாணவி. பசியால்தான் வாயைத் திறக்கிறது, உடனே உணவு கொடுக்க வேண்டும் என்று எனக்குள் ஒரு முடிவு. பசும்பாலைக் காய்ச்சி ஆற்றி, அக்கா எனக்குப் பால் புகட்டிய அதே பாலாடையில் ஊற்றி, குட்டியை மல்லாத்திப் பிடித்துப் புகட்டினேன். இரண்டு மடக்கு உள்ளே போனது போலிருந்தது. பிறகு மூக்கு வழியே பால் வந்தது. பத்து மணி பேருந்தை நான் பிடிப்பதற்குள் குட்டி அடங்கிவிட்டது. ஆயா ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை என்று எனக்குப் பல நாள் தோன்றியது.

நான் செய்த பிழைகளை இப்போது வரிசையாகச் சொல்ல முடிகிறது. பிறந்த குட்டியின் உடல் வெப்பம் முதல் வாரத்தில் 35 முதல் 37 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். வளர்ந்த பூனைக்கு 38 முதல் 39. குளிரெடுத்தால் நாம் நடுங்குகிறோம் அல்லவா? நடுக்கம் என்பது தசைகள் வெப்பம் உண்டாக்கும் வழி. பூனைக்குட்டிக்கு முதல் வாரத்தில் அந்த நடுக்கமே வராது. உடலில் சிறிதளவு உள்ள பழுப்புக் கொழுப்பை எரித்துக் கொஞ்சம் சூடு உண்டாக்கிக்கொள்ளும். மற்றபடி தாயின் வயிறும் உடன்பிறந்தவையின் முதுகுமே அதற்குக் கம்பளி. போதாததற்கு, உடல் சிறிது. ஒரு குண்டான் சோறு ஆறுவதற்கு எத்தனை நேரம், அதிலிருந்து எடுத்த ஒரு கவளம் ஆறுவதற்கு எத்தனை நேரம் என்று நம் வீட்டுப் பெண்கள் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். பக்கம் இரண்டு சென்டிமீட்டர் உள்ள கனசதுரத்தைவிட ஒரு சென்டிமீட்டர் உள்ளதற்குக் கனஅளவை ஒப்பிட்டால் மேற்பரப்பு இருமடங்கு. வெப்பம் போகும் வாசலும் இருமடங்கு. முதலாண்டில் இந்தக் கணக்கைத் தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியவள் நான். அதைக் கையில் கிடந்த குட்டியோடு சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை.

குட்டியின் வெப்பம் ஏறத்தாழ 34 டிகிரிக்குக் கீழே இறங்கினால் குடலின் அசைவு நின்றுபோகிறது. உறிஞ்சவும் விழுங்கவும் உள்ள அனிச்சைச் செயலும் தளர்ந்துவிடுகிறது. அந்த நேரத்தில் புகட்டும் பால் வயிற்றில் செரிக்காமல் தங்கும். இல்லையேல் மூச்சுக்குழலில் இறங்கும். மல்லாத்திப் பிடித்துப் புகட்டினால் கேட்கவே வேண்டாம். நான் கொடுத்தது பசியாற்றும் பால் அன்று, நுரையீரலை அடைக்கும் நீர். பசும்பாலும் பொருத்தமில்லை, பூனைப் பாலில் உள்ள புரதத்தில் பாதிகூட அதில் இல்லை. ஆனால் அன்று குட்டியைக் கொன்றது அந்தக் குறை அல்ல.

முதலில் சூடு, பிறகுதான் பால். ஆயா சொன்னதும் இதுவே. கால்நடை மருத்துவ நூல்கள் சொல்வதும் இதுவே. சூட்டையும் அவசரமாக ஏற்றக்கூடாது. உலர்ந்த துணியில் சுற்றி, உடம்போடு அணைத்து வைத்துக்கொள்ளலாம். வெந்நீர் நிரப்பிய புட்டியைத் தடித்த துண்டில் சுற்றி அருகில் வைக்கலாம். ஆனால் குட்டி விலகிப் போகவும் இடம் வேண்டும், அதன் தோல் எளிதில் வெந்துவிடும். ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் மெல்ல மெல்லச் சூடு ஏறுவதே பாதுகாப்பு. பெட்டிக்குள் முதல் வாரத்தில் 30 டிகிரிக்குச் சற்று மேல் இருப்பது நல்லது. நம் ஊர் ஆவணியில் இதற்குப் பெரிய சிரமமில்லை. மார்கழி விடியலில் சிமெண்டுத் தரை குட்டிக்கு எமன்.

ஆவணியில் நடந்தது

அதே பூனை ஆவணியில் மீண்டும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்தது. வீட்டில் பச்சைக் குழந்தை இருந்ததால் ஆயா அதை உள்ளே விடவில்லை, அதுவும் நியாயமே. பின்கட்டில் ஓர் அட்டைப்பெட்டியைச் சாய்த்துப் பழைய புடவையை மடித்துப் போட்டேன். புதுமைப் பெண் திட்டத்தில் மாதந்தோறும் வரும் ஆயிரம் ரூபாயில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கினேன். வீட்டிலேயே கேக் செய்து விற்கும் எதிர்வீட்டு அக்காவிடம் ஒரு கிராம் வரை காட்டும் தராசை இரவல் கேட்டேன். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். சிறிது நேரம் என்னையே பார்த்தார். பிளாஸ்டிக் உறை போட்டுத்தான் நிறுக்க வேண்டும், தினமும் டெட்டால் போட்டுத் துடைக்க வேண்டும், இது தம் வாடிக்கையாளர் எவர் காதுக்கும் போகக்கூடாது என்ற மூன்று நிபந்தனைகளோடு கொடுத்தார்.

ஒரு ஞாயிறு அதிகாலை பூனை ஈன்றது. நல்ல தாய்ப்பூனைக்கு நாம் செய்ய வேண்டியது ஒன்றுமேயில்லை என்பதை முதலில் அறிய வேண்டும். குட்டி ஒரு மெல்லிய பையோடு வரும். தாயே அதைக் கிழித்து, மூக்கையும் வாயையும் நக்கி, தொப்புள்கொடியைக் கடித்து, நஞ்சையும் தின்றுவிடும். அந்த நக்கல்தான் குட்டிக்கு முதல் மூச்சைத் தருகிறது. நாம் விலகி நின்று, எத்தனை குட்டி, எத்தனை நஞ்சு என்று எண்ணிக்கொண்டிருந்தால் போதும். தாய் அரை மணி நேரம் விடாமல் முக்கியும் குட்டி வராவிட்டால் மட்டும் மருத்துவரிடம் ஓட வேண்டும்.

கறுப்பு, வரி, மஞ்சள் என மூன்று குட்டிகள் முக்கால் மணி நேரத்தில் வந்தன. மூன்றும் சிவந்த மூக்கோடு கத்தின, நெளிந்தன, முட்டின. மஞ்சள் குட்டிக்கு என் நோட்டில் பத்துக்குப் பத்து என்றே எழுதினேன். நான்காவது வந்தபோது தாய் மூன்றாவதை நக்கிக்கொண்டிருந்தது. பை கிழியவில்லை. மனத்துக்குள் ஐம்பது எண்ணினேன். தாய் திரும்பவில்லை. கையைக் கழுவிக்கொண்டு பையை முகத்துப் பக்கம் கிள்ளிக் கிழித்தேன். குட்டி நீலம். அசைவில்லை. மூச்சு எப்போதோ ஒரு முறை. என் கணக்கில் மூன்று மதிப்பெண்.

"பின்னங்காலப் புடிச்சி ஒரு வீசு வீசு, சளி வந்துடும்" என்றார் ஆயா. ஆட்டுக்குட்டிக்கு அவர் அப்படிச் செய்வதை நானே பார்த்திருக்கிறேன். முன்பு கால்நடை மருத்துவர்களும் நாய், பூனைக்குட்டிகளை இரு கைகளுக்குள் பிடித்து வீசுவது வழக்கமாயிருந்தது. இப்போது வேண்டாம் என்கிறார்கள். மென்மையான மூளையில் இரத்தக்கசிவு உண்டாகும் என்பதே காரணம். மார்கழியில் ஆயா சொன்னதைக் கேட்காமல் கெட்டேன். இப்போது கேட்டால் கெடுமோ என்று ஒரு கணம் கை நடுங்கியது. வீசவில்லை. தலையைச் சற்றுத் தாழ்த்திப் பிடித்து, மெல்லிய துணியால் மூக்கையும் வாயையும் துடைத்தேன். உலர்ந்த துண்டால் முதுகிலும் விலாவிலும் விறுவிறுவென்று தேய்த்தேன், தாயின் நாக்கு செய்வதுபோல. துண்டு நனைந்ததும் ஆயா வேறு துண்டு எடுத்துக் கொடுத்தார். அதை அடுப்பருகே காட்டிச் சூடாக்கித்தான் கொடுத்தார். ஒரு தும்மல். பிறகு ஒரு கத்தல், எலியின் குரல்போல. ஐந்தாம் நிமிடத்தில் மூக்கின் நுனி சிவந்திருந்தது, கால்கள் உதைத்தன. ஏழு என்று எழுதினேன். நம் பாஷையில் சொன்னால், முதல் முயற்சியில் அரியர் வைத்து மறு தேர்வில் தேறிய குட்டி.

கொடி அறுபடாமலிருந்தது. அதை இழுக்கவே கூடாது. இழுத்தால் குடலே வயிற்றை விட்டுப் பிதுங்கிவிடும். வயிற்றிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி நூலால் கட்டி, கட்டுக்கு வெளியே கத்தரித்து, நுனியில் அயோடின் தடவினேன். மூன்று நான்கு நாளில் காய்ந்து தானே உதிர்ந்துவிடும்.

எல்லாம் காய்ந்து ஓய்ந்தபின் மூன்று சிறு சோதனைகள் செய்தேன். கழுவிய சுண்டுவிரலை வாயில் வைத்தால் நாக்கைக் குழாய்போல் மடித்து உறிஞ்சுகிறதா என்பது ஒன்று. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாக்கி முகத்தருகே காட்டினால், அதற்குள் மூக்கை நுழைத்து முட்டுகிறதா என்பது மற்றொன்று. மல்லாக்கக் கிடத்தினால் தானே குப்புறப் புரள்கிறதா என்பது மூன்றாவது. நாய்க்குட்டிகளை ஆய்ந்தவர்கள் இவற்றுக்கும் தனி மதிப்பெண் வைத்திருக்கிறார்கள். வாயைத் திறந்து மேலண்ணத்தையும் பார்க்க வேண்டும். அங்கே பிளவு இருந்தால் குடிக்கும் பால் மூக்கில் வரும். வாலைத் தூக்கி மலத்துளை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இவை எல்லாம் ஒரு குட்டிக்கு ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். அதற்குமேல் வைத்துக்கொண்டிருந்தால் நாமே அதைக் குளிரவைத்துவிடுவோம்.

அடுத்தது சீம்பால். மாடு ஈன்றால் நாம் சீம்பாலை வாங்கி வெல்லம் போட்டுக் காய்ச்சித் தின்றுவிடுகிறோம். பூனைக்குட்டிக்கோ அது உயிர்க்காப்பு. மனிதக் குழந்தைக்கு நோய் தடுக்கும் எதிர்ப்பொருள்கள் பெரும்பாலும் நஞ்சுக்கொடி வழியாகவே வந்துவிடுகின்றன. பூனைக்கு அப்படி வருவது மிகச் சிறிது. மற்றவை எல்லாம் சீம்பாலில்தான். அவற்றை அப்படியே இரத்தத்துக்குள் விடும் வாசல் குட்டியின் குடலில் பிறந்து ஏறத்தாழ 16 மணி நேரத்தில் அடைபட்டுவிடும். ஆதலால் முதல் நாளில் ஒவ்வொரு குட்டியும் முலை பற்றியதா என்பதைக் கண்ணால் பார்த்துவிடுவது முக்கியம்.

மதிப்பெண் சொல்லாதது

பிறந்த குட்டி 90 முதல் 110 கிராம் வரை இருப்பது இயல்பு. 80க்குக் கீழே என்றால் அதன்மேல் ஒரு கண் இருக்க வேண்டும். என் தராசில் கறுப்பு 102, வரி 97, மஞ்சள் 104, கடைசியாக வந்த சின்னது 78. அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. எல்லாம் சின்னதைப் பற்றிய கவலை.

மறுநாள் நிறுத்தேன். கறுப்பு 104, வரி 99, சின்னது 77. முதல் நாளில் சற்றுக் குறைவது உண்டு. மஞ்சள் 101. மூன்றாம் நாள் கறுப்பு 113, வரி 109, சின்னது 83. மஞ்சள் 98.

பத்துக்குப் பத்து வாங்கிய குட்டிதான் தேய்ந்துகொண்டிருந்தது! கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. உருண்டையாகத்தான் இருந்தது, கூடத்தான் கிடந்தது, முலையில் வாய் வைத்துத்தான் இருந்தது. நல்ல குட்டி நாளுக்குப் பத்துக் கிராமாவது ஏற வேண்டும், இரண்டு வாரத்தில் இருமடங்காக வேண்டும். மூன்று கிராம் மூன்று கிராமாக இறங்குவதைத் தராசு சொல்லியிராவிட்டால், இன்னும் இரண்டு நாளில் அது துவண்டபிறகே நான் அறிந்திருப்பேன். முதலில் வெப்பம் பார்த்தேன்: 35.8. நல்லது, சூடு இருக்கிறது. அண்ணத்தைத் திரும்பப் பார்த்தேன், பிளவில்லை. அப்புறம் கொட்டகையில் உட்கார்ந்து கால் மணி நேரம் வெறுமே பார்த்தேன். பூனைக்குப் பொதுவாக நான்கு இணை முலைகள். குட்டிகள் ஓரிரு நாளிலேயே இது என்னுடையது என்று தத்தமக்கு ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். மஞ்சள் பிடித்திருந்தது முன்வரிசையில் ஒன்று. அதை அழுத்திப் பார்த்தால் பால் துளிகூட வரவில்லை. மற்ற மூன்றும் பின்பக்கத்துக் கொழுத்த முலைகளில். மஞ்சளை எடுத்துப் பின்பக்கம் ஆளில்லாத முலையில் வைத்தேன். விட்டுவிட்டுப் பழைய இடத்துக்கே ஊர்ந்து வந்தது. கல்லூரிக்குப் போகும்முன் இரண்டு தடவை, வந்தபின் மூன்று தடவை. நான் இல்லாதபோது ஆயா வைத்தார். நான்காம் நாள் 99. ஐந்தாம் நாள் 110. அன்று நான் தராசிலிருந்து எடுப்பதற்குள் மஞ்சள் அதன்மேல் சிறுநீர் கழித்துவிட்டது. நல்ல வேளையாக உறை போட்டிருந்தேன்.

பிறந்த நேரத்து மதிப்பெண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை என்பது அப்போது எனக்குத் தெளிவாயிற்று. இந்தக் குட்டிக்கு இந்த நிமிடம் உதவி வேண்டுமா என்று மட்டுமே அது சொல்லும். மறுநாளைப் பற்றி அதற்குத் தெரியாது. இன்னும் விந்தையானது ஒன்று உண்டு. பூனைகளுக்கும் இரத்த வகை உண்டு. பி வகைத் தாய்க்கு ஏ வகைக் குட்டி பிறந்தால், பிறக்கும்போது முழு நலத்தோடு இருக்கும். சீம்பாலைக் குடித்தபிறகு அதில் உள்ள எதிர்ப்பொருள்களே குட்டியின் சிவப்பணுக்களை அழித்துவிடும். பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர் போன்ற வெளிநாட்டு இனங்களில் பி வகை மிகுதி. சென்னையில் அவற்றை விலைகொடுத்து வாங்கி இனம் பெருக்குவோர் முன்கூட்டியே இரத்த வகை பார்ப்பது இதற்காகத்தான். உயிர் காக்கும் சீம்பாலே அங்கே உயிரெடுக்கிறது.

குட்டி ஓயாமல் கத்தினாலும், கத்தவே கத்தாமல் தனியே ஒதுங்கிக் கிடந்தாலும், சூடேற்றியும் உறிஞ்சாவிட்டாலும், இரண்டு நாள் தொடர்ந்து எடை ஏறாவிட்டாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டியதுதான். 1903இல் தொடங்கி இன்று வேப்பேரியில் இயங்கும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் மாட்டைப் போலவே பூனையையும் பார்க்கிறார்கள். பூனைக்குட்டிக்கா ஆஸ்பத்திரி என்று நம் பேருந்தில் நாலு பேர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

எட்டாம் நாள் காலையில் நிறுத்தபோது கறுப்பு 188, வரி 181, மஞ்சள் 150, சின்னது 149. ஒவ்வொரு நாளும் நான் நோட்டில் எழுதியவுடன் ஆயா, "இன்னிக்கி எவ்ளோ?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. எண்களை வாங்கி, முந்தைய நாளின் எண்ணோடு மனத்திலேயே கழித்து, "சின்னது மஞ்சளப் புடிச்சிடும் பாரு" என்பார்.

ஒன்பதாம் நாள் விடியலில் பெட்டி காலியாக இருந்தது. பூனை குட்டி போட்டால் ஏழு இடம் மாற்றும் என்பார்களே, மாற்றிவிட்டது. ஆயா தேடிப்பார்த்து, மூன்று வீடு தள்ளி ஒரு மாடிப்படியின் கீழ், பழைய டயர்களுக்கு நடுவே நான்கும் இருப்பதாகச் சொன்னார். கை எட்டாத இடம். கட்டம் போட்ட என் நோட்டில் ஒன்பதாம் நாளுக்கு எதிரே நான்கு சுழிகள்தாம் இருக்கின்றன. தராசை டெட்டால் போட்டுத் துடைத்து எதிர்வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டேன்.